டிரிப்ஸில் பால் மாதிரி வெள்ளையாக ஏற்றுவது எண்ணெயாமே, அப்பாவுக்கு ஆபத்து இல்லையா?

தென்காசி மகள்:
அப்பாவுக்கு 61 வயது. குடலுக்கு ரத்தம் போகாமல் கறுத்துவிட்டதால் சிறுகுடலில் பெரும்பகுதியை எடுத்துவிட்டார்கள். 11 நாளாக வாய்வழியாக ஒன்றும் கிடையாது, கழுத்து ரத்தக்குழாயில் போட்ட லைன் வழியாகத்தான் சாப்பாடு. மூன்று அறை வைத்த பெரிய பை, அதில் வெள்ளையாக இருப்பது சோயா எண்ணெய் என்று சிஸ்டர் சொன்னதிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை. பத்து வருஷமாகக் கொலஸ்ட்ராலுக்கு மாத்திரை போடுகிறவர். எண்ணெயை நேராக ரத்தத்தில் விட்டால் அடைத்துக்கொள்ளாதா? குளுக்கோஸும் புரதமும் மட்டும் போதாதா? டாக்டர் இரண்டு நிமிஷம்தான் நிற்கிறார், என்ன கேட்பது என்றே தெரியவில்லை.

நைட் டியூட்டி:
ஐசியூவில் நர்ஸாக இருக்கிறேன். வெறும் எண்ணெயை ஏற்றினால் அடைக்கும், நீங்கள் பயந்ததில் தப்பே இல்லை. ஆனால் இது முட்டை மஞ்சள் கருவிலிருந்து எடுத்த லெசித்தினோடு (எண்ணெயும் தண்ணீரும் பிரியாமல் பிடித்து வைக்கும் பொருள்) சேர்த்து, துளிகள் சராசரியாக அரை மைக்ரானுக்கும் கீழே வரும்படி உடைத்தது. சிவப்பணுவே 7 மைக்ரான் இருக்கும். சாப்பிட்ட பிறகு நம் குடலே கொழுப்பை இப்படிச் சின்னச் சின்ன உருண்டையாக்கித்தான் ரத்தத்துக்கு அனுப்புகிறது. ஒன்று மட்டும் கவனியுங்கள்: வெள்ளை திரிந்து மேலே மஞ்சளாக எண்ணெய் மிதந்தால் உடனே சிஸ்டரைக் கூப்பிட்டு நிறுத்தச் சொல்லுங்கள். முட்டை, சோயா, வேர்க்கடலை, மீன் எதற்காவது அலர்ஜி இருந்தால் அதையும் இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

உணவியல் கலா:
குளுக்கோஸ் மட்டும் போதாதா என்று கேட்டீர்களே, அப்படிச் செய்து பார்த்த காலம் உண்டு. அமெரிக்காவில் பருத்திவிதை எண்ணெயில் செய்த பழைய மருந்து காய்ச்சல், மஞ்சள் காமாலை என்று தொல்லை கொடுத்ததால் அதை நிறுத்திவிட்டு, சர்க்கரையை ஏற்றியே சமாளித்தார்கள். சர்க்கரை எகிறியது, ஈரலில் கொழுப்பு படிந்தது, உடம்பால் தானே செய்துகொள்ள முடியாத லினோலிக் அமிலம் கிடைக்காமல் தோல் செதில் செதிலாக உரிந்தது, புண் ஆறவில்லை. ஸ்வீடனில் ஆர்விட் ரெட்லிண்ட் சோயா எண்ணெயில் உருவாக்கிய இன்ட்ராலிபிட் 1962இல் புழக்கத்துக்கு வந்தது, அமெரிக்காவுக்கு அது போய்ச் சேர 1975 ஆகிவிட்டது. ஒரு கிராம் கொழுப்பில் 9 கலோரி, டிரிப்ஸ் குளுக்கோஸில் 3.4தான், அதனால் குறைந்த திரவத்திலேயே தேவையான சக்தி கிடைத்துவிடும்.

கொலஸ்ட்ராலை விடுங்கள், இங்கே பார்க்க வேண்டியது ட்ரைகிளிசரைடு, அதாவது ரத்தத்தில் ஓடும் இன்னொரு வகைக் கொழுப்பு. "எவ்வளவு இருக்கிறது, எத்தனை நாளுக்கு ஒருமுறை பார்க்கிறீர்கள்" என்று கேளுங்கள். 400ஐத் தாண்டினால் பொதுவாக வேகத்தைக் குறைப்பார்கள், இல்லை கொஞ்ச நாள் நிறுத்திவைப்பார்கள். மயக்கத்துக்கு ப்ரொபொஃபால் ஓடுகிறதா என்றும் கேளுங்கள், அதுவும் இதே மாதிரி சோயா எண்ணெயில் கலந்ததுதான், ஒரு மில்லிக்கு 1.1 கலோரி, அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

கரூர் செந்தில்:
என் மனைவிக்கு இரண்டு மாதம் ஓடியது. ஆறாவது வாரம் கண் மஞ்சளாகி, பிலிரூபின் ஏறிவிட்டது. சோயா மட்டும் இருந்ததை மாற்றி, சோயா, தேங்காயிலிருந்து எடுக்கும் எம்சிடி என்ற கொழுப்பு, ஆலிவ், மீன் எண்ணெய் நான்கும் கலந்ததைப் போட்டார்கள், மெல்ல இறங்கியது. நிறைய நாள் தேவைப்படும் என்றால் எந்த எண்ணெய் என்று கட்டாயம் கேளுங்கள். அப்புறம் குளிர், நடுக்கம் வந்தால் காலைவரை காத்திருக்க வேண்டாம், லைனில் கிருமி வந்திருக்கலாம். எங்களுக்கு அது ஒருமுறை வந்தது, அந்த ராத்திரியை நினைத்தால் இன்னும் கை நடுங்குகிறது.

தென்காசி மகள்:
எல்லாருக்கும் நன்றி. எழுதி எடுத்துக்கொண்டு போய்க் கேட்டேன், டாக்டர் நின்று பதில் சொன்னார். ட்ரைகிளிசரைடு 212, ப்ரொபொஃபால் இல்லை. நாளைக்கு மூக்குக் குழாயில் திரவ உணவு மணிக்கு 10 மில்லி கொடுத்துப் பார்க்கப் போகிறார்களாம்.