12% சேதாரத்தில் 25% தள்ளுபடி என்றால் எவ்வளவு?

கேள்வி:
மகள் வளைகாப்புக்கு 2 பவுன் சங்கிலி பார்த்தேன். சேதாரம் (நகை செய்யும்போது வீணாகும் தங்கத்துக்கென்று எடையோடு கூட்டுவது) 12%, அதில் 25% தள்ளுபடி என்கிறார்கள். "12-ஐவிட 25 பெரிசு, அப்போ கடைக்காரர்தான் நமக்குக் காசு தரணும்" என்று வீட்டுக்காரர் கிண்டல் செய்கிறார். நிஜமாக எவ்வளவு குறையும்?

பதில் 1:
தள்ளுபடி சேதாரத்துக்கு மட்டும்தான், தங்கத்தின் விலைக்கு இல்லை. 12-இல் கால் பங்கு 3, ஆக 9%. 2 பவுன் 16 கிராம். அதில் 9% 1.44. மொத்தம் 17.44 கிராமுக்கு அன்றைய விலை, அதன்மேல் 3% ஜிஎஸ்டி. கிட்டத்தட்ட 18 கிராமுக்கான பணத்தோடு போங்கள்.

பதில் 2:
நான் அப்பாவிடம் கால் (1/4), அரைக்கால் (1/8), மாகாணி (1/16) என்று வாய்ப்பாடு படித்தவன். 12% என்பது அரைக்காலுக்குக் கொஞ்சம் கம்மி. 16-இல் அரைக்கால் 2. கால்குலேட்டரைத் தேடுவதற்குள் சேதாரம் 2 கிராமுக்குள் என்று தெரிந்துவிடும். அப்புறம், கல் வைத்த சங்கிலியா? கல் எடையைக் கழித்துவிட்டுச் சதவீதம் போடச் சொல்லுங்கள்.

கேட்டவர்:
கல் இல்லை ஐயா. சரி, 16-இல் 3% போட்டுப் பார்த்தேன்: 0.48. அரை கிராம்கூட இல்லை! இதற்கா வாசலில் அவ்வளவு பெரிய பேனர்?