பள்ளியில் படிக்கும்போதே கல்லூரி கிரெடிட்: உங்களுக்கு நேர்ந்ததைச் சொல்லுங்கள்

பாளையங்கோட்டை அம்மா

என் மகள் பிளஸ் ஒன்னில் என்பிடெல் (ஐஐடிகள் நடத்தும் இணையப் பாடத் திட்டம்) வழியே பைத்தான் நிரலாக்கப் பாடம் எடுத்தாள். 'ஜாய் ஆஃப் கம்ப்யூட்டிங்', பன்னிரண்டு வாரம், மூன்று கிரெடிட் (பட்டத்துக்குக் கணக்கில் சேரும் பாட அலகு). ஆயிரம் ரூபாய் கட்டி, மையத்துக்குப் போய் மூன்று மணி நேரம் பரீட்சை எழுதினாள். 78 மதிப்பெண், 'எலைட் சில்வர்' தரச் சான்றிதழ். பொறியியல் கல்லூரியில் சேர்ந்த அன்று அந்தச் சான்றிதழையும் அலுவலகத்தில் நீட்டினோம். அங்கிருந்தவர் முன்பக்கத்தை வாசித்துவிட்டுத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கத்தில் ஒன்றும் இல்லை. "நல்லது அம்மா, பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்" என்று என் கையிலேயே கொடுத்துவிட்டார். அவர் எரிந்து விழுந்திருந்தால்கூட மறந்திருப்பேன். அந்தத் தாள் திரும்பியது மட்டும் கண்ணிலேயே நிற்கிறது. முதல் செமஸ்டரில் அவளுக்கு மறுபடியும் பைத்தான்தான்.

டவுன் ரதவீதி

அக்கா, வருத்தம் நியாயமானது. ஆனால் அலுவலகத்தில் இருந்தவர் மேல் பழி இல்லை. என் தம்பி மகனும் இதுபோல இரண்டு சான்றிதழோடு போய், கொண்டுபோனபடியே திரும்பி வந்தான். கூடப் போனது நான்தான்.

சான்றிதழில் மூன்று கிரெடிட் என்று இருந்தால் அது கணக்கில் ஏறிவிடாது. ஒரு செமஸ்டர் பாடங்களில் 40 சதவீதம் வரை ஸ்வயம் (என்பிடெல் பாடங்களும் வரும் மத்திய அரசின் இணையத் தளம்) வழியே படிக்கலாம் என்று யுஜிசி, அதாவது பல்கலைக்கழக மானியக் குழு, 2021-இல் விதி கொண்டுவந்தது. அது கல்லூரியில் சேர்ந்துவிட்ட மாணவருக்கு, அந்தக் கல்லூரி முன்கூட்டியே ஏற்றுக்கொண்ட பாடத்துக்கு. பள்ளி மாணவர் எழுதியதை எடுத்துக்கொள்ளும் கட்டாயம் யாருக்கும் இல்லை. பிளஸ் ஒன் பிள்ளைகள் உள்ள வீட்டார் சென்னை ஐஐடியின் பிஎஸ் டேட்டா சயின்ஸ் இணையவழிப் பட்டப்படிப்பின் பக்கம் பாருங்கள். பதினோராம் வகுப்பு முழு ஆண்டுத் தேர்வு எழுதியவர்களே விண்ணப்பிக்கலாம். நான்கு வாரம் பாடம், அதன்பின் தகுதித் தேர்வு. தேறினால் பிளஸ் டூ முடித்ததும் சேரலாம். அங்கேயும் இடம்தான் முன்கூட்டிக் கிடைக்கிறது, கிரெடிட் அல்ல. எதற்குப் பணம் கட்டினாலும் "இதை யார் ஏற்றுக்கொள்வார்கள்" என்று முதலில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாய்ச்சொல்லை நம்பாதீர்கள்.

கல்லிடைக்குறிச்சி டிப்ளமோ

ரதவீதி அண்ணாச்சி, அக்கா ஆலோசனை கேட்கவில்லையே. அந்தப் பெண் படித்தது படிப்பு இல்லையா?

நம் பக்கத்துப் பிள்ளைகள் வருடக் கணக்காகப் போகும் குறுக்கு வழி ஒன்று உண்டு, அதை ஒருவரும் சொல்லவில்லை. பத்தாவது முடித்துப் பாலிடெக்னிக், மூன்று வருடம், கலந்தாய்வு, நேராக பி.இ. இரண்டாம் ஆண்டு. நானும் அப்படிப் போனவன்தான். மூன்றாவது செமஸ்டர் முதல் கணித வகுப்பில் ஆசிரியர் ஃபூரியர் தொடரைக் கரும்பலகையில் எழுதி, "தொகையிடல் எல்லாம் முதலாம் ஆண்டிலேயே பார்த்ததுதானே" என்று கேட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டார். கடைசி இரண்டு பெஞ்சில் நாங்கள் ஒன்பது பேர். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஒருவரும் கை தூக்கவில்லை. ஒரு வருடத்தைக் கழித்துக் கொடுத்தவர்கள் அந்த வருடத்துக் கணக்கை எங்கே படிப்பது என்று சொல்லவில்லை. அறைத் தோழன் ஒருவன் இரவில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தான். அன்று கை தூக்கியிருக்க வேண்டும் என்று இன்றும் தோன்றுகிறது.

வண்ணார்பேட்டை அத்தை

கிரெடிட் கிடைக்கவில்லை என்று இங்கே எல்லாரும் வருந்துகிறீர்கள். கிடைத்துவிட்டதே என்று அழுத பிள்ளையைப் பார்த்தேன்.

என் அண்ணன் குடும்பம் டெக்சாஸில் இருக்கிறது. அங்கே 'டூயல் கிரெடிட்' என்று, உயர்நிலைப் பள்ளியில் இருந்துகொண்டே பக்கத்துக் கல்லூரியின் பாடத்தைப் படிக்கலாம். மருமகன் பதினாறு வயதில் வேதியியல் எடுத்தான். அந்த வருடம் அண்ணனுக்கு உடம்பு சரியில்லை. பையனுக்கு 'சி' கிரேடு வந்தது. பள்ளி முடிந்ததும் அது போய்விடும் என்று எல்லாரும் நினைத்தோம். மருத்துவப் படிப்புக்கு விண்ணப்பிக்கும்போது, படித்த எல்லாக் கல்லூரியின் மதிப்பெண் பட்டியலையும் கேட்டார்கள், அந்தப் பதினாறு வயதுப் பட்டியல் உட்பட. வீடியோ அழைப்பில் திரையை என் பக்கம் திருப்பி, "அத்தை, இந்த ஒரு எழுத்தைப் பாருங்கள்" என்று விரலால் தொட்டுக் காட்டினான். நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். அப்படியே வைத்துவிட்டேன்.

அவன் தங்கை ஏபி (பள்ளியிலேயே படிக்கும் கல்லூரி அளவுப் பாடம்) எடுத்தாள். மே மாதம் ஒரே பரீட்சை, ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண், ஜூலையில் முடிவு. குறைந்தால் கல்லூரிக்கு அனுப்பாமல் விட்டுவிடலாம். மூன்று வாங்கினாலே கிரெடிட் தரும் கல்லூரியும் உண்டு, ஐந்து கேட்கும் கல்லூரியும் உண்டு. டூயல் கிரெடிட்டும் ஏபியும் ஒன்றுதான் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

பாளையங்கோட்டை அம்மா

அத்தை, அந்தப் பிள்ளைக்கு இடம் கிடைத்ததா? சொல்லாமல் விட்டுவிட்டீர்களே.

ரதவீதி அண்ணாச்சி, நீங்கள் சொன்னதில் எனக்குக் கோபம் இல்லை. நேற்று இரவு மகள் லேப் ரெக்கார்டு எழுதிக்கொண்டிருந்தாள். இரண்டு எண்களை இடம் மாற்றும் நிரல். பிளஸ் ஒன்னிலேயே இரண்டாம் வாரத்தில் செய்தது. அடிக்கோடு போட்டு, பக்க எண் இட்டு, பொறுமையாகத்தான் எழுதினாள். வரும் செமஸ்டரில் வேறொரு ஸ்வயம் பாடம் எடுக்க நினைக்கிறாள். முன்கூட்டி ஒப்புதல் வாங்கும் கடிதத்தைத் துறைத் தலைவருக்கு எழுத வேண்டுமா, முதல்வருக்கு எழுத வேண்டுமா?