லைசென்ஸ் ரெனியூவல் மாதிரி சின்ன வேலைய கூட யோசிச்சு யோசிச்சே தள்ளிப்போடுறேன், என்ன பண்றது?

மடிப்பாக்கம்வாசி
வணக்கம் மக்களே. வயசு 41, ஓஎம்ஆர்ல ஐடி வேலை. ஆபீஸ்ல ஒரு டெட்லைன் விட்டதில்ல, சொந்த வேலைன்னு வந்தா மட்டும் கை ஓடவே மாட்டேங்குது. லைசென்ஸ் பொங்கலுக்கு முன்னாடியே எக்ஸ்பயர் ஆயிடுச்சு. அதுல சைதாப்பேட்டை அட்ரஸ், இப்ப இருக்கறது மடிப்பாக்கம். முதல்ல அட்ரஸ் மாத்தணுமா ரெனியூ பண்ணணுமா, ஆர்டிஓ ஆபீஸ் போகணும்னா லீவு போடணுமே, ஆதார்ல இனிஷியல் முன்னாடி இருக்கு லைசென்ஸ்ல பின்னாடி இருக்கு ரிஜெக்ட் பண்ணிட்டா... இப்படியே நைட்டு 1 மணி வரைக்கும் யூட்யூப்ல வீடியோவா பாத்துட்டு படுத்துடுவேன். பல் டாக்டர், கிச்சன் குழாய் ஒழுகுறது, சொத்து வரி எல்லாம் இதே கதிதான். வீட்ல கேக்கறதையே விட்டுட்டாங்க, அதான் இன்னும் பயமா இருக்கு.

டீக்கடை_பெஞ்ச்
ப்ரோ, லைசென்ஸ்ங்கறது ஒரு வேலை இல்ல, அதுக்குள்ள அஞ்சாறு வேலை இருக்கு, எல்லாத்தையும் ஒண்ணா தலையில ஏத்திக்கிட்டா யாரா இருந்தாலும் படுத்துருவான். இன்னிக்கு பீரோவுல இருந்து லைசென்ஸ எடுத்து ரெண்டு பக்கமும் போன்ல போட்டோ எடுங்க, அவ்ளோதான், சைட்ட திறக்கவே திறக்காதீங்க. 40 தாண்டிட்டதால பாரம் 1ஏ, அதாவது டாக்டர் சர்டிபிகேட் வேணும், நாளைக்கு பக்கத்து கிளினிக்குக்கு போன் போட்டு அத தருவாங்களான்னு மட்டும் கேளுங்க. நின்னுக்கிட்டே பேசுங்க, உக்காந்தா கை தானா யூட்யூபுக்கு போயிடும் 😄 அப்புறம், எக்ஸ்பயர் ஆகி 1 வருஷம் தாண்டிட்டா திரும்ப ஓட்டி காட்டணும், எட்டு போடறதுக்கு ரெடியா?

அரைகுறை சைக்காலஜி
முடிக்காத வேலை மண்டைக்குள்ள ஓடிக்கிட்டே இருக்கறது உங்களுக்கு மட்டும் இல்ல. மாசிகாம்போ, பாமைஸ்டர்னு ரெண்டு பேர் 2011ல பண்ண ஆராய்ச்சில, வேலைய முடிக்கலன்னா கூட எப்ப எங்க எப்படி செய்வோம்னு தெளிவா பிளான் பண்ணவங்களுக்கு அந்த தொந்தரவு அடங்கிடுச்சாம். அதனால "இந்த வாரம் குழாய் சரி பண்ணணும்"னு எழுதாதீங்க, "சனிக்கிழமை டிபன் முடிச்ச உடனே பிளம்பருக்கு போன்"னு எழுதுங்க. கலர் கலரா இருபது ஐட்டம் லிஸ்ட் போடறது மட்டும் வேண்டாம், அதுவும் தள்ளிப்போடறதுல ஒரு வகை தான், என்ன நோட்டுப்புத்தகம் விக்கறவனுக்கு லாபம்.

நங்கநல்லூர் அக்கா
எனக்கு பிளான் எல்லாம் ஒத்து வராதுப்பா, காசு போகுதுன்னா தான் கை ஓடும். சொத்து வரி ஏப்ரல் 30க்குள்ள கட்டுனா 5 சதவீதம் தள்ளுபடி, அதிகபட்சம் 5000 ரூபாய், அக்டோபர்லயும் அதே மாதிரி 30 நாள் டைம். அத விட்டுட்டு வட்டி கட்டறதுக்கு நமக்கு என்ன தலையெழுத்து? தம்பி, இன்னொண்ணு. 1 மணி வரைக்கும் தூக்கம் வரலங்கறது தினமும் நடக்குதா? அப்படின்னா இது சோம்பேறித்தனம்னு உங்கள நீங்களே திட்டிக்கிட்டு இருக்காதீங்க. டெலிமானஸ்னு அரசாங்கத்தோட மனநல ஹெல்ப்லைன் இருக்கு, நம்பர் 14416, ஃப்ரீ தான், 24 மணி நேரமும் தமிழ்லயே பேசலாம். உடனே கீழ்ப்பாக்கம் ஜோக் அடிக்க யாராவது வருவீங்க, தயவுசெஞ்சு வேண்டாம்.

மடிப்பாக்கம்வாசி
போட்டோ எடுத்துட்டேன். தூக்கம் வாரத்துல ரெண்டு மூணு நாள் தான் அப்படி அக்கா, நம்பர் சேவ் பண்ணிக்கிட்டேன். ஆனா அந்த இனிஷியல் மேட்டர்...

டீக்கடை_பெஞ்ச்
ஆரம்பிச்சிட்டீங்களா! போட்டு பாருங்க ப்ரோ, ரிஜெக்ட் ஆனா அப்ப பாத்துக்கலாம். கிளினிக்குக்கு காலைல எத்தன மணிக்கு போன் போடறீங்க, அத சொல்லுங்க.

மடிப்பாக்கம்வாசி
9:30. ஸ்டாண்டப் மீட்டிங் 10க்கு தான்.