வெளிநாட்டு விருந்தாளிக்கு சிங்கப்பூர சுத்திக் காட்டின கதை இருந்தா சொல்லுங்க

ஈசூன்காரன்:
பொறந்து வளந்தது எல்லாம் இங்கதான், ஆனா மரினா பே பக்கம் நான் போறதே வெளியூர்லேர்ந்து யாராச்சும் வந்தாத்தான். வர்றவங்க முதல்ல கேக்கறது மரினா பே சாண்ட்ஸ் ஹோட்டலோட மூணு டவர் உச்சியில இருக்கற நீச்சல் குளம். அது ஹோட்டல்ல ரூம் போட்டவங்களுக்கு மட்டும்தான், மத்தவங்க டிக்கெட் வாங்கி மேல நின்னு ஊரப் பாத்துட்டு இறங்க வேண்டியதுதான்னு சொன்னா மூஞ்சி தொங்கிப் போயிடும்.

காரைக்குடிலேர்ந்து சித்தப்பா வந்தாரு, அவருக்கு குளமும் வேணாம் ஒண்ணும் வேணாம், அதே ஹோட்டலோட சூதாட்டக் கூடம், அந்த கேசினோவப் பாத்தே ஆகணும்னு ஒரே பிடி. வாசல்ல பாஸ்போர்ட்ட நீட்டினாரு, உள்ள விட்டுட்டாங்க. எனக்கு? சிங்கப்பூரரும் பி.ஆரும் (நிரந்தரவாசிங்க) 24 மணி நேரத்துக்கு 150 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கட்டினாத்தான் உள்ள. 2010-ல தொறந்தப்ப 100 வெள்ளியா இருந்துச்சு, 2019-ல ஏத்திட்டாங்க, உள்ளூர்க்காரன் சூதாடி குடும்பத்த தெருவுல விட்டுடக் கூடாதுன்னுதான், அதுல எனக்கு வருத்தமே இல்ல. ஆனா மனுஷன் திரும்பிப் பாத்து "ஏன்டா, உன் ஊர்ல எனக்கு சும்மா, உனக்கு காசா"ன்னு அத்தனை பேர் முன்னாடி சிரிச்சாரு பாருங்க! அப்புறம் நான் மால்ல, என் மாசச் சம்பளத்துக்கும் மேல விலை போட்ட கைப்பைங்களப் பாத்துக்கிட்டே மேலயும் கீழயும் நடக்கறேன், ஆளு வரவே இல்ல. ஒருவழியா வந்தப்ப கையில ஓசி தண்ணி பாட்டில் ரெண்டு. ஜெயிச்சாரா தோத்தாரான்னு இன்னிக்கு வரைக்கும் சித்திகிட்ட சொல்லல, என்கிட்டயும் வாய தொறக்கல.

கோப்பி_ஓ:
ஹாஹா, உங்க சித்தப்பா பரவால்ல. எங்க ஆபீசுக்கு ஜெர்மனிலேர்ந்து ஒருத்தர் வந்தாரு, மத்தியானம் லாவ் பா சாட்டுக்கு, அந்த ஹாக்கர் சென்டருக்கு (உணவுக் கடைங்க கூட்டமா இருக்கற எடம்) கூட்டிட்டுப் போனேன், அந்த நேரத்துல அங்க உக்கார எடம் கெடைக்கறது எவ்ளோ கஷ்டம்னு உங்களுக்கே தெரியும். நான் சாப்பாடு வாங்க வரிசையில நிக்கறேன், இவரு காலியா இருந்த மேசையில ஜம்முனு உக்காந்து, மேல இருந்த டிஷ்யூ பாக்கெட்டப் பிரிச்சு மூஞ்சியத் தொடச்சிக்கிட்டு இருக்காரு! அது ஒரு ஆன்ட்டி எடம் பிடிச்சு வச்சது. அவங்க மீன் சூப்போட வந்து நின்னு முறைக்கறாங்க, இவரு ரொம்ப மரியாதையா அவங்களுக்கும் ஒரு டிஷ்யூ எடுத்து நீட்டறாரு. நம்ம ஹாக்கர் சென்டர் பழக்கவழக்கத்துக்கு 2020-ல யுனெஸ்கோ அங்கீகாரம் குடுத்துச்சே, அதுல டிஷ்யூ பாக்கெட்டும் சேத்தியா லா? அந்த ஆன்ட்டி கடைசில தள்ளி உக்காந்து எங்களுக்கும் எடம் குடுத்தாங்க, தட்ட நாமளே கொண்டுபோய் வைக்கணும், இல்லன்னா அபராதம் வரும்னு அவருக்கு பாடமும் எடுத்தாங்க.

தேக்கா_பொண்ணு:
எங்க அத்தை மதுரை. லைட்டு, மாலு எதுவும் அவங்கள அசைக்கல, "சென்னையிலயும் மாலு இருக்கு"ன்னுட்டாங்க. வாட்டர்லூ ஸ்திரீட் கிருஷ்ணன் கோயிலுக்கு கூட்டிட்டுப் போனேன். பக்கத்துலயே குவான் இம்ங்கற சீனக் கோயில், அங்க கும்பிட்டுட்டு வர்ற சீனங்க அப்படியே ஊதுபத்தியோட நம்ம கிருஷ்ணன் வாசல்லயும் நின்னு கும்பிட்டுட்டுப் போவாங்கல்ல, அத்தை அதப் பாத்துட்டு நகரவே மாட்டேங்கறாங்க. ஒரு சீனப் பாட்டி பக்கத்துல போய் தமிழ்லயே "என்ன வேண்டுதல்"னு கேட்டாங்க, பாட்டி சீனத்துல ஏதோ நீளமா சொன்னாங்க, ரெண்டு பேரும் நல்லா தலையாட்டிக்கிட்டாங்க. நான் நடுவுல போகல.

பழைய_ஆளு:
மெர்லயன் பத்தி, அதான் சிங்கத் தலையும் மீன் உடம்புமா இருக்கற சிலை, அதப் பத்தி யாரும் சொல்லலையே. எங்க பெரியப்பா ரொம்ப வருஷத்துக்கு முன்ன வந்து பாத்தவரு, ஆத்தோரம் இருக்கறதப் பாத்துட்டு "சுருங்கிடுச்சாடா"ங்கறாரு. அவரு ஏறிப் பாத்தது செந்தோசா தீவுல இருந்த 37 மீட்டர் மெர்லயன், அத 2019-ல மூடி இடிச்சாச்சு. இது 1972-ல வச்சது, 8.6 மீட்டர்தான். எவ்ளோ சொல்லியும் நம்பல, ஏதோ நான் ஏமாத்தற மாதிரியே பாத்தாரு.

தேக்கா_பொண்ணு:
டிசம்பர்ல மாமியார் வர்றாங்க, முட்டி வலி, ரொம்ப நடக்க முடியாது. காசும் அதிகம் ஆகக் கூடாது, எதுக்கெடுத்தாலும் ரூபாய்ல பெருக்கிப் பாப்பாங்க. என்ன செய்யலாம்?

ஈசூன்காரன்:
மரினா பே ஹோட்டலுக்குப் பின்னால இருக்கற தோட்டம், கார்டன்ஸ் பை த பேல ராத்திரி 7:45-க்கு அந்த பெரிய செயற்கை மரங்கள்ல லைட்டு ஷோ, காசே இல்ல. அது முடிஞ்சு மெதுவா ஹோட்டல் வழியா பாலம் ஏறி அந்தப் பக்கம் வந்தா 9 மணிக்கு தண்ணியில இன்னொரு ஷோ, அதுவும் சும்மா. நடுவுல மால்ல ஏசியில உக்கார வச்சிடுங்க, கடைக்குள்ள மட்டும் விட்டுடாதீங்க. ஜுவல் மால் உள்ள இருக்கற அருவி 40 மீட்டர், ஏர்போர்ட் பக்கத்துலயேதான், வந்து இறங்கற அன்னிக்கே காட்டிட்டு டாக்சி புடிச்சிடுங்க. கேசினோன்னு ஒண்ணு இருக்கறதே அவங்களுக்குத் தெரிய வேணாம்.