வயதான நாயோடு கொடைக்கானலில் குடியேறலாமா?

தாம்பரத்துவாசி:
எங்கள் வீட்டில் 2 நாய்கள். மணி, 9 வயது லேப்ரடார், இடுப்பு மூட்டு தேய்ந்து போய் மாடிப்படி ஏறத் தயங்குகிறான். கருப்பி, 3 வயது நாட்டு நாய், குட்டியாக மழையில் நனைந்து கிடந்தவளைத் தூக்கி வந்தோம். எனக்கும் மனைவிக்கும் வேலை வீட்டிலிருந்தேதான், அதனால் சென்னையில் இருந்தே ஆகவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. போன மே மாதம் மணி வெயில் தாங்காமல் மூச்சிரைத்து, நாக்கெல்லாம் கருஞ்சிவப்பாகி, கூடத்திலேயே சாய்ந்துவிட்டான். ஈரத்துண்டைப் போர்த்தி ஆட்டோவில் தூக்கிக்கொண்டு ஓடிய அந்த 20 நிமிடத்தை என்னால் மறக்க முடியவில்லை. இது போக கருப்பிக்கு உண்ணிக் காய்ச்சல் 2 தடவை வந்துவிட்டது.

இப்போது கொடைக்கானலில் ஏரிக்கு நடந்து போகும் தூரத்தில் ஒரு வாடகை வீடு கிடைக்கும் போலிருக்கிறது. முன்னால் புல்வெளி, பின்னால் மரங்கள், வேலி கிடையாது. நாய் இருப்பதற்கு வீட்டுக்காரர் சம்மதித்துவிட்டார். ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் பாதை, காலையில் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு நடக்கலாம் என்று மனதுக்குள் படம் ஓடிக்கொண்டே இருக்கிறது. நாயோடு அங்கே போய் இருப்பவர்கள் சொல்லுங்கள், போகலாமா?

பனிக்காலம்:
தாராளமாக வாருங்கள்! நான் கோவையிலிருந்து நாயோடு வந்து 4 வருடம் ஆகிறது. என் பையனுக்கு இப்போது 11 வயது. அங்கே மார்ச் முதல் ஜூன் வரை டைல்ஸ் தரையை விட்டு எழுந்திருக்கவே மாட்டான், இங்கே மே மாதத்தில்கூடப் பகலில் 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும், மத்தியானம் 2 மணிக்கு நடை கூட்டிப் போகிறேன். அந்த வித்தியாசத்தை எழுத்தில் சொல்ல முடியாது, நாயின் கண்ணைப் பார்த்தால்தான் தெரியும். உண்ணியும் வெகுவாகக் குறைந்துவிட்டது.

மூஞ்சிக்கல்காரன்:
நான் இங்கேயே பிறந்து வளர்ந்தவன். வேலி இல்லாத வீடு, பின்னால் மரங்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வீட்டுக்கு நாயோடு வரவே வராதீர்கள் சார். கெஞ்சிக் கேட்கிறேன்.

கொடைக்கானலில் காட்டு மாடு ஊருக்குள்தான் நடமாடுகிறது. கடைத்தெருவில் நிற்கும், பள்ளிக்கூட வாசலில் நிற்கும், இரவில் ஏரிக்கரைப் புல்லை மேயும். வளர்ந்த ஆண் மாடு ஆயிரம் கிலோ வரை வரும். மனிதன் ஒதுங்கிப் போனால் அதுவும் பெரும்பாலும் தன்பாட்டுக்குப் போய்விடும், நாங்கள் அப்படித்தான் அதோடு வாழ்ந்து வருகிறோம். ஆனால் நாய் குரைத்துக்கொண்டே போய் அதன் காலைச் சுற்றும், மாடு திரும்பினால் நாய் எங்கே ஓடும் சொல்லுங்கள். எஜமானிடம்தான் ஓடி வரும், மாடும் பின்னாலேயே வரும். என் சித்தியை அப்படித்தான் முட்டித் தூக்கியெறிந்தது. நாய் அவருடையதுகூட இல்லை, பக்கத்து வீட்டுக்கு மாதக் கணக்கில் தங்க வந்தவர்களுடையது. தொடை எலும்பு முறிந்து 5 மாதம் படுக்கை. அந்த நாய்க்கு ஒரு கீறல் இல்லை.

சிறுத்தையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டு நாயைத் திண்ணையில் இருந்தே கொண்டு போயிருக்கிறது, சங்கிலி மட்டும் அறுந்து கிடந்தது.

பனிக்காலம்:
தம்பி, உங்கள் சித்திக்கு நடந்தது கொடுமை, அதை நான் சின்னதாக நினைக்கவில்லை. ஆனால் அது கயிறு இல்லாமல் நாயை விட்டவர்களின் தவறு. என் நாய் 4 வருடத்தில் ஒரு நாள்கூடக் கயிறில்லாமல் வாசலைத் தாண்டியதில்லை. காலை 8 மணிக்கு முன்னால் நடை கிடையாது, சாயங்காலம் 5 மணிக்கு மேல் கிடையாது. ராத்திரி ஒன்றுக்குப் போவதற்குக்கூடப் பின்பக்கம் கம்பி வலை அடித்து, மேலேயும் மூடிய ஓர் இடம் செய்து வைத்திருக்கிறேன். வெளியூர்க்காரர்கள் வந்தாலே கெடுதல்தான் என்கிற தொனியில் நீங்கள் எழுதுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

மூஞ்சிக்கல்காரன்:
அக்கா, உங்களைச் சொல்லவில்லை. நீங்கள் மேலே வலை போட்டு மூடியிருக்கிறீர்கள், அது எத்தனை பேருக்குத் தோன்றும்? அவர் கேட்டது வேலி இல்லாத வீடு. நீங்கள் முதலில் எழுதியதில் வலையும் இல்லை, 5 மணிக் கணக்கும் இல்லை, "தாராளமாக வாருங்கள்" என்று மட்டும்தான் இருந்தது. அதைப் படித்துவிட்டு ஒருவர் லாரியில் சாமான் ஏற்றிவிட்டால் என்ன ஆவது?

பனிக்காலம்:
சரி, அது என் பிழைதான். சந்தோஷத்தில் எழுதிவிட்டேன்.

கால்நடை_மருத்துவர்:
சமவெளியில்தான் வேலை செய்கிறேன், ஆனால் மலையிலிருந்து எங்களிடம் வரும் நாய்களை அடிக்கடி பார்க்கிறேன். சில விஷயங்களைத் தெளிவாகச் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், வெயிலில் மயங்கிய நாய்மேல் ஈரத்துண்டைப் போர்த்தி வைக்காதீர்கள், கொஞ்ச நேரத்தில் துண்டு சூடாகி உள்ளே இருக்கும் வெப்பத்தை வெளியே விடாமல் பிடித்துக்கொள்ளும். குழாய்த் தண்ணீரை உடம்பு முழுக்க ஊற்றி, காற்று படும்படி வைத்து, அப்படியே தூக்கி வரவேண்டும். லேப்ரடாருக்கு இரட்டை ரோமம், வயதும் ஆகிவிட்டது, அதனால் சென்னை வெயில் அவனுக்கு ஆபத்து என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் இடுப்பு மூட்டு தேய்ந்த நாய்க்குக் குளிரும் ஈரமும் எதிரிதான். கொடைக்கானலில் டிசம்பர், ஜனவரி இரவுகளில் 8 டிகிரி வரை சாதாரணமாக இறங்கும், ஏரிப் பக்கம் பள்ளமாக இருப்பதால் புல்மேல் உறைபனியே விழுகிற நாட்கள் உண்டு. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை, சுவரெல்லாம் ஓதம். அந்தத் தரையில் படுத்தால் மணி காலையில் எழுந்து நிற்கவே சிரமப்படுவான். தரையிலிருந்து உயர்த்திய கட்டில், கனமான மெத்தை, வழுக்காத விரிப்பு எல்லாம் வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக எடை குறைய வேண்டும். மணி இப்போது எத்தனை கிலோ? 5 கிலோமீட்டர் நடை என்று எழுதியிருக்கிறீர்கள், அதை மறந்துவிடுங்கள், 15 நிமிடமாக ஒரு நாளைக்கு 3 தடவை போதும்.

உண்ணி குறையும், ஆனால் மழைக்காலத்தில் அட்டை இருக்கும். மூக்குக்குள் போய் ஒட்டிக்கொள்ளும், நாய் தும்மிக்கொண்டே இருக்கும், ரத்தம் சொட்டும். தேங்கிய தண்ணீரைக் குடிக்க விடாதீர்கள், எலி மூத்திரம் கலந்த தண்ணீரில்தான் எலிக்காய்ச்சல் பரவுகிறது, அது நாயிடமிருந்து நமக்கும் வரும். வெறிநாய்த் தடுப்பூசியோடு இதற்கான ஊசியும் வருடந்தோறும் போட்டிருக்க வேண்டும்.

கடைசியாக, எனக்கு உண்மையிலேயே கவலை தருவது தூரம். கொடைக்கானலில் அரசு கால்நடை மருத்துவமனை இருக்கிறது, ஊசி, காயம், வயிற்றுப்போக்கு இதற்கெல்லாம் பிரச்சினை இல்லை. பெரிய நாய்களுக்கு வயிறு உப்பி முறுக்கிக்கொள்ளும் ஒரு நிலை உண்டு, அதற்குச் சில மணி நேரத்துக்குள் அறுவை செய்தாக வேண்டும். அப்படி ஒன்று என்றால் நீங்கள் மதுரைக்குத்தான் இறங்க வேண்டியிருக்கும், ஏறக்குறைய 120 கிலோமீட்டர், அதில் பாதி மலைப்பாதை. 2018 நவம்பரில் கஜா புயல் வந்தபோது மரம் விழுந்தும் மண் சரிந்தும் அந்தப் பாதையே அடைபட்டது நினைவிருக்கும்.

தாம்பரத்துவாசி:
டாக்டர், மிக்க நன்றி. துண்டு விஷயம் தெரியாமல் போய்விட்டதே என்று இருக்கிறது. மணி 38 கிலோ.

கால்நடை_மருத்துவர்:
31, 32க்கு வரட்டும். அதுவரை ஊர் மாற்றத்தைப் பற்றி யோசித்துக்கொண்டே இருங்கள், இறங்க வேண்டாம். தைராய்டு ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

ஏற்காடு_காப்பி:
ஏரி, குளிர்ச்சி, நாய் என்றால் ஏற்காட்டையும் யோசியுங்களேன். உயரம் சுமார் 1,500 மீட்டர், கொடைக்கானலைவிட 600 மீட்டர் தாழ்வு, அதனால் குளிர் அவ்வளவு கடிக்காது. 20 கொண்டை ஊசி வளைவு இறங்கினால் சேலம், 30 கிலோமீட்டர்தான். அங்கிருந்து நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு ஒரு மணி நேரம் போலத்தான். வயதான நாய்க்கு இதைவிட என்ன வேண்டும்? ஏரி சின்னது, சனி ஞாயிறில் கூட்டம் தாங்காது, அதையும் சொல்லிவிடுகிறேன். காட்டு மாடு இங்கேயும் உண்டு.

பனிக்காலம்:
கூட்டத்தைப் பற்றிப் பேச்சு வந்ததால் சொல்கிறேன், "அமைதியான ஏரிக்கரை" என்பது இங்கேயும் ஜூலை முதல் செப்டம்பர் வரை உள்ள வார நாட்களில்தான். ஏப்ரல், மே மாதங்களில் ஏரிச் சாலையில் குதிரை, சைக்கிள், கார், ஹாரன் சத்தம் என்று நாய் மிரண்டுவிடும். உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் (இணையத்தில் எடுக்கும் அனுமதிச் சீட்டு) வந்தது, ஆனாலும் சீசனில் நான் ஏரிப் பக்கமே போவதில்லை, அட்டுவம்பட்டிப் பக்கம் ஒதுங்கிவிடுவேன்.

இன்னொன்றும் இருக்கிறது. ஏரியைச் சுற்றிலும் தெருநாய்கள் நிறைய, சுற்றுலா வருபவர்கள் போடும் பிஸ்கட்டையும் சோளக்கட்டையையும் தின்று கூட்டமாகத் திரியும், புது நாயைப் பார்த்தால் சுற்றி வளைக்கும். நான் தினமும் ஒரு பன்னிரண்டு நாய்களுக்குச் சோறு வைக்கிறேன், அதனால் என் பையனை அவை விட்டுவிடுகின்றன.

மூஞ்சிக்கல்காரன்:
அக்கா, இதில்தான் எனக்கு உங்களோடு ஒத்துப்போகவே முடியவில்லை. நீங்கள் சோறு வைக்கிற இடத்தைத் தாண்டித்தான் எங்கள் தெருப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகின்றன. உங்கள் நாயை அவை விடுகின்றன, எங்கள் பிள்ளைகளை விடுவதில்லை. என் மகளுக்குக் கெண்டைக்காலில் கடி. 0, 3, 7, 28 என்று நாள் குறித்து ஊசி போட்டுவிட்டு வந்தோம், ஒவ்வொரு ஊசிக்கும் அவள் அழுத அழுகை இன்னும் காதில் இருக்கிறது. அதோடு, நாய் கூடுகிற இடத்தைத் தேடித்தான் சிறுத்தை ஊருக்குள் வருகிறது. மகாராஷ்டிரத்தில் அகோலே என்ற ஊரில் சிறுத்தையின் எச்சத்தை எடுத்து ஆராய்ந்ததில் அது அதிகம் தின்றிருப்பது நாயைத்தான் என்று வந்திருக்கிறது. நீங்கள் அன்போடு செய்வது எனக்குத் தெரியும். ஆனால் இடம் தப்பு.

பனிக்காலம்:
பாப்பாவுக்குக் கடிபட்டது எனக்குத் தெரியாது. மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

ஆனால் தம்பி, நான் சோறு மட்டும் வைத்துவிட்டுப் போகிறவள் இல்லை. அந்தப் பன்னிரண்டில் ஒன்பதுக்குக் கருத்தடை ஆகிவிட்டது, எல்லாவற்றுக்கும் வெறிநாய்த் தடுப்பூசி போட்டாகிவிட்டது, என் கைக்காசுதான். பட்டினியாகக் கிடந்தால் அவை குப்பையைக் கிளறும், கடிப்பது இன்னும் கூடும். தெருநாய்க் கருத்தடைக்கான மத்திய அரசின் 2023 விதிகளிலும் சரி, 2025 ஆகஸ்ட் 22 உச்ச நீதிமன்ற உத்தரவிலும் சரி, கருத்தடையும் ஊசியும் முடிந்த நாயைப் பிடித்த இடத்திலேயே விடவேண்டும் என்றுதான் இருக்கிறது, வெறி பிடித்ததும் ஆளைப் பாய்கிறதும் மட்டும் விலக்கு.

மூஞ்சிக்கல்காரன்:
அதே உத்தரவில்தான் கண்ட தெருவிலும் சோறு வைக்கக் கூடாது, அதற்கென்று குறித்த இடத்தில்தான் வைக்க வேண்டும் என்றும் இருக்கிறது. பிள்ளைகள் விளையாடும் இடத்துக்குத் தள்ளித்தான் இருக்க வேண்டும் என்று 2023 விதியும் சொல்கிறது. ஒன்பதுக்குக் கருத்தடை செய்தது பெரிய விஷயம், எங்கள் ஊர்க்காரர் ஒருவரும் செய்யாதது, அதை மறுக்க மாட்டேன். சோறு வைக்கும் இடத்தை மட்டும் மாற்றுங்கள்.

பனிக்காலம்:
பள்ளி நேரத்துக்கு வைக்காமல் இருக்கலாம். இடம் மாற்றினால் நாய்கள் பின்னாலேயே வருமா என்று தெரியாது, ஒரு வாரம் முயன்று பார்க்கிறேன். முழுக்க நிறுத்தச் சொன்னால் என்னால் முடியாது.

கால்நடை_மருத்துவர்:
இந்தப் பேச்சில் காடு விடுபட்டுப் போகிறது. ஊரை ஒட்டி 600 சதுர கிலோமீட்டருக்கு மேல் வனவிலங்குச் சரணாலயம், 2013இல் அறிவித்தது. வீட்டு நாய் சோலைக்குள் ஓடினால் ஆபத்து நாய்க்கு மட்டும் இல்லை. 2018இல் கிர் காட்டில் இருபதுக்கும் மேற்பட்ட சிங்கங்கள் செத்தனவே, அதில் நாய்களுக்கு வரும் டிஸ்டெம்பர் கிருமி கண்டுபிடிக்கப்பட்டது. செந்நாய், நரி எல்லாம் நாய்க் குடும்பம், இன்னும் சுலபமாகப் பிடிக்கும். கருப்பி 3 வயது நாட்டு நாய், முயலையோ மானையோ பார்த்தால் கூப்பிட்டாலும் திரும்ப மாட்டாள். மணியைவிட அவளுக்குத்தான் வேலி அவசியம்.

தாம்பரத்துவாசி:
நான் மணியை நினைத்துத்தான் கேட்டேன், கருப்பியைப் பற்றி யோசிக்கவே இல்லை. அவள் இங்கேயே பூனையைப் பார்த்தால் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடுகிறவள்.

மனைவியோடு நேற்று இரவு உட்கார்ந்து எல்லாவற்றையும் படித்தோம். மூஞ்சிக்கல் தம்பி எழுதிய சித்தி கதையைப் படித்துவிட்டு அவள் ரொம்ப நேரம் பேசவில்லை. அந்த வீடு வேண்டாம் என்று வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன், முன்பணம் கொடுக்கவில்லை, நல்லவேளை. ஆனால் இன்னொரு மே மாதத்தை மணி இங்கே தாங்குவான் என்று எனக்குத் தோன்றவில்லை. அதனால் அவன் எடை குறைந்ததும் நவம்பரில், மழையும் குளிருமாக இருக்கும்போதே, ஒரு மாதம் மட்டும் வந்து இருந்து பார்க்கலாம் என்று இருக்கிறோம். அதற்கு முன்னால் ஏற்காட்டில் 10 நாள். சுற்றுச்சுவர் உள்ள வீடு யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள், ஏரி கண்ணில் படாவிட்டாலும் பரவாயில்லை.

பனிக்காலம்:
மலைப்பாதையில் வரும்போது இரண்டு பேருக்கும் 6 மணி நேரத்துக்கு முன்பே சாப்பாட்டை நிறுத்திவிடுங்கள், இல்லாவிட்டால் வளைவுகளில் வாந்திதான். ரயிலில் வருவதாக இருந்தால் கொடை ரோடு நிலையத்தில் இறங்கி 80 கிலோமீட்டர் வண்டி. நாய்க்கு முதல் வகுப்பு ஏசியில் முழுக் கூபே (இருவர் மட்டும் இருக்கும் தனி அறை) கிடைத்தால்தான் கூட வைத்துக்கொள்ள முடியும், கிடைக்குமா என்பது கடைசி வரை தெரியாது, அதனால் காரே மேல்.

மூஞ்சிக்கல்காரன்:
நாயுடுபுரத்தில் எனக்குத் தெரிந்த ஒருவர் வீடு இருக்கிறது சார், 6 அடிச் சுவர், இரும்பு கேட், முற்றம் முழுக்க சிமென்ட். பார்க்க அழகாக இருக்காது. நவம்பரில் காலியா என்று கேட்டுச் சொல்கிறேன். வந்து இறங்கியதும் என்னைக் கூப்பிடுங்கள், மாடு எந்த வழியாக எத்தனை மணிக்கு வரும் போகும் என்று முதல் நாளே கூட நடந்து காட்டிவிடுகிறேன், நாய்களை வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.