மாடியைத் தூக்கினால் மூலைச்சுவர் கூடவே வர மாட்டேன் என்கிறது

பாரிமுனைப் பக்கத்துப் பழைய மூலைக்கடை மாதிரி ஒரு லெகோ மாடுலர் கட்டடம் (மாடி மாடியாகக் கழற்றக்கூடியது), சொந்த டிசைன். 32க்கு 32 ஸ்டட் (லெகோ துண்டின் மேலுள்ள குமிழ், அதுதான் அளவு) அடித்தட்டு, கீழே மருந்துக்கடை, மேலே இரண்டு மாடி. பொங்கலில் ஆரம்பித்தது, இன்னும் முதல் மாடியிலேயே நிற்கிறது.

மூலையை 45 டிகிரியில், இரு பக்கமும் 6 ஸ்டட் வெட்டியிருக்கிறேன். குறுக்களவு 8.49 வருகிறது. 8 ஸ்டட் சுவர் வைத்தால் கிட்டத்தட்ட 4 மி.மீ. இடைவெளி, உள்ளே விளக்கு போட்டால் பளிச்சென்று கோடாகத் தெரிகிறது. 5 ஸ்டட் வெட்டினால் 7.07, கச்சிதம்தான். ஆனால் இரட்டைக் கதவும் தூணும் அதில் அடங்காது, அந்தத் தூண் இல்லாவிட்டால் அது பாரிமுனையே இல்லை.

கீல் பிளேட், ஜம்பர் பிளேட் (அரை ஸ்டட் தள்ளிப் பொருத்தும் தட்டு) இரண்டும் போட்டுப் பார்த்தாயிற்று. மாடியைத் தூக்கினால் அந்தச் சுவர் மட்டும் கீழேயே நிற்கிறது. பசை வேண்டாம்.

இடைவெளி தெரியாமல், மாடியோடு சேர்ந்தே கழன்று வரும்படி இந்தச் சுவரை எதில் பிடிக்க வைப்பது?