நீர்க்கட்டிச் சிறுநீரகம் ஒரு தலைமுறை விட்டுத்தான் வருமா?

நெடுவழி: "தாத்தாவுக்கு இருந்தது, அப்பாவுக்கு இல்லை, எனக்கு வந்துவிட்டது. இது ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறைதான் வரும், என் பிள்ளைகளுக்குப் பயமில்லை" என்று நேற்று இங்கே கதிரொளி எழுதினார். அதற்கு நன்றி வேறு சொல்கிறார்கள். படித்ததும் வயிறு எரிந்தது. இந்த நோயைத் தரும் பிகேடி1, பிகேடி2 என்ற இரண்டு மரபணுக்களில் எது பழுதானாலும் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. தலைமுறை தாண்டாது; தாத்தாவிடமிருந்து உங்களுக்கு வந்ததென்றால் அப்பா வழியாகத்தான் வந்திருக்கும். கதிரொளி, அப்பாவுக்கு ஸ்கேன் எடுத்தீர்களா?

கதிரொளி: எங்கள் வீட்டில் நடந்ததைச் சொன்னேன். அப்பா 63 வயதில் மாரடைப்பில் போனார். ஒருநாள்கூட டயாலிசிஸ் செய்ததில்லை. பாதிக்குப் பாதி என்றால் நாங்கள் நாலு பேரில் ரெண்டு பேருக்கு வந்திருக்க வேண்டுமே? எனக்கு மட்டும்தானே வந்தது?

நெடுவழி: டயாலிசிஸ் செய்யாவிட்டால் நோயே இல்லையா? பிகேடி1 பழுதானவர்களில் பலருக்கே 50 தாண்டித்தான் சிறுநீரகம் கைவிடுகிறது. பிகேடி2 என்றால் 70 தாண்டியும் ஓடும். நாலுக்கு ரெண்டு என்று பங்கு போட இது பாகப்பிரிவினை இல்லை. ஒவ்வொரு பிள்ளைக்கும் புதிதாகச் சுண்டுகிற காசு. கேட்டதற்குப் பதில் வரவில்லை. ஸ்கேன் எடுத்தீர்களா?

மழைத்துளி: தலைமுறை தாண்டாது என்று ஒரேயடியாக அடிக்காதீர்கள் நெடுவழி. ஆல்போர்ட் என்று இன்னொரு பரம்பரைச் சிறுநீரக நோய் இருக்கிறது. அதில் பழுதாகும் சிஓஎல்4ஏ5 மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. தாத்தாவிடமிருந்து மகள் வழியாகப் பேரனுக்குப் போகும். நடுவில் மகள் நன்றாகத்தான் இருப்பாள்.

நெடுவழி: பேச்சு நீர்க்கட்டியைப் பற்றி. இருந்தாலும் சொல்கிறேன். அந்த மகளுக்கும் பெரும்பாலும் சிறுநீரில் ரத்தம் கசியும். கண்ணுக்குத் தெரியாது, பரிசோதனையில் தெரியும். சிலருக்குச் சிறுநீரகமே போகும். "நன்றாக இருப்பாள்" என்று சொல்லியே எத்தனை பெண்களைப் பரிசோதிக்காமல் விட்டார்கள்!

மழைத்துளி: கிரியாட்டினின் பற்றிய விவாத இழையில் மூக்குடைபட்ட கோபம் இன்னும் தீரவில்லை போல.

நெடுவழி: சிறுநீரகம் வடிகட்டும் இரண்டு வேறு கழிவுகள் யூரியாவும் கிரியாட்டினினும். இரண்டும் ஒன்று என்று எழுதியது நீங்கள். மூக்கு யாருடையது என்று படித்தவர்களுக்குத் தெரியும்.

பனைநிழல்: ரெண்டு பேரில் யாராவது டாக்டரா? இல்லை என்றால் எதற்கு இந்த வீராப்பு?

கதிரொளி: ஸ்கேன், ஸ்கேன் என்று உயிரை எடுக்கிறீர்களே, எடுத்தோம். அப்பாவுக்கு 26 வயதில். சுத்தமாக இருந்தது. போதுமா?

நெடுவழி: 26லா! அந்த வயதில் பிகேடி2 கட்டிகள் அல்ட்ராசவுண்டில் தட்டுப்படாமலே போகலாம். 40 தாண்டி எடுத்துச் சுத்தமாக இருந்தால் பேசுங்கள். என் தாய்மாமா இதே "ஒரு தலைமுறை விட்டு" கதையை நம்பி ரத்த அழுத்தம்கூடப் பார்க்கவில்லை. 47 வயதில் மூளையில் ரத்தக்குழாய் வெடித்துப் போய்விட்டார். இந்த நோயில் அதுவும் நடக்கும். 40க்குப் பிறகு எடுத்தீர்களா?

கதிரொளி: உங்கள் மாமாவுக்காக வருந்துகிறேன். அதற்காகச் செத்துப்போன என் அப்பாவை நோயாளி ஆக்காதீர்கள். தாத்தாவுக்கு இருந்தது, எனக்கு இருக்கிறது, நடுவில் இல்லை. அவ்வளவுதான்.

மழைத்துளி: யூரியா பற்றி நான் எழுதியதை முழுதாக எடுத்துப் போடுங்கள் பார்ப்போம்.

நெடுவழி: போடுகிறேன். முதலில் கதிரொளி சொல்லட்டும். 40க்குப் பிறகு எடுத்தீர்களா, இல்லையா?